மொட்டை மலைதாங்க, ஆனா அதுதான் காடு

ஊட்டின்னா பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, வர்க்கி, சாக்லேட், ட்ராஃபிக் ஜாம், இவ்வளவுதான் நம்மாளுங்களுக்கு. ஆனா அதே ஊட்டியிலருந்து மேற்கால போய்க்கிட்டே இருந்தீங்கன்னா எமரால்டு தாண்டி அவலாஞ்சி தாண்டி ஒரு கட்டத்துல தேயிலைத் தோட்டம் தீந்து, ஊரு தீந்து, பஸ் ரூட்டும் தீந்துபோயி வெறும் புல்லு மலையா ஆரம்பிக்கும். நீலகிரி பீடபூமியோட அந்த மேற்கு ஓரத்துல சுமார் 78 சதுர கிலோமீட்டர் இடம்தான் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. 1982-ல சரணாலயமா அறிவிச்சாங்க, 1990-ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. அந்தப் பக்கம் கேரளாவோட சைலன்ட் வேலி ஒட்டிக்கிட்டு இருக்கு. சைலன்ட் வேலின்னா எல்லாருக்கும் தெரியும், முக்கூர்த்தின்னா "அது எங்க இருக்கு"ன்னு கேக்கறாங்க. ஒரு விதத்துல அதுவும் நல்லதுக்குத்தான்.

உயரத்துல ஒண்ணும் கொறைச்சல் இல்ல. பூங்காவுல இருக்கற கோலரிபெட்டா சுமார் 2,630 மீட்டர், தொட்டபெட்டாவை விட ஒரு பத்து மீட்டர்கூட கம்மி கிடையாது, ஆனா அங்க டெலஸ்கோப் ஹவுஸும் கிடையாது மக்காச்சோளக் கடையும் கிடையாது. முக்கூர்த்தி சிகரம் 2,554 மீட்டர். இந்த ஓரத்துல நின்னு மேற்க பாத்தா மலை அப்படியே செங்குத்தா அறுந்து விழுது, கீழ நிலம்பூர் சமவெளி. அரபிக்கடல்லருந்து வர்ற மேகம் முதல்ல வந்து முட்டறது இந்தச் சுவத்துலதான், அதனால ஊட்டி டவுனுக்கு வருசத்துக்கு 1,200 மில்லிமீட்டர் சொச்சம் மழைன்னா இந்த ஓரத்துல அதுக்கு நாலு மடங்குக்கும் மேல கொட்டும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 900 மில்லிமீட்டருக்கு மேல பெஞ்சு நியூஸ்ல எல்லாம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சென்னைக்கு ஒரு வருசத்துல பெய்யற மழையில முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி, ஒரே நாள்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன். அவலாஞ்சியில வனத்துறை வேன்ல உள்ள கூட்டிட்டுப் போவாங்க, டிக்கெட் எடுத்துப் போகலாம். ஒரு தடவை அந்த வேன்ல கூட வந்த ஒரு குடும்பம், நல்ல மனுசங்கதான், கடலை மிட்டாயெல்லாம் குடுத்தாங்க, ஆனா வழி பூரா அந்த அண்ணனுக்கு ஒரே பொலம்பல். "எங்கப்பா காடு? ஒரே பொட்டலா கெடக்கு, இவ்வளவு இடம் சும்மா கெடக்கே, கவர்மெண்ட்டு நாலு மரம் நட்டா ஆகாதா?" டிரைவர் ஒண்ணும் சொல்லாம வண்டி ஓட்டினாரு. அந்த வேன்ல அதுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சிருந்தா மேல் பவானி வரைக்கும் பேசிக்கிட்டே போயிருப்பேன், அதான் இங்க எழுதறேன். ஏன்னா அந்த மலைக்கு நடந்த பெரிய கெடுதியே மரம் நட்டதுதான்.

இந்த உயரத்துல இயற்கையா இருக்கறது ரெண்டு. ஒண்ணு புல்வெளி, இன்னொண்ணு சோலை. மலை முதுகு, சரிவு எல்லாம் புல்லு. ரெண்டு சரிவு சேர்ற மடிப்புல, தண்ணி ஓடற பள்ளத்துல மட்டும் அடர்த்தியா கட்டையா மரம் நிக்கும், அதுதான் சோலை. ரெண்டுக்கும் நடுவுல கோடு கிழிச்ச கணக்கா இருக்கும், இங்க வரைக்கும் புல்லு, அடுத்த அடி சோலை. ஏன் சோலை மேல ஏறி மலை முழுக்க பரவல? பனிதான் முக்கியமான காரணம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில அங்க வெப்பநிலை சைபருக்குக் கீழ போயிரும், பகல்ல நல்லா வெயில் அடிக்கும். திறந்த வெளியில முளைக்கற சோலைக் கன்னு அந்த உறைபனியில கருகிடும், புல்லு மேல காஞ்சாலும் வேர்லருந்து மறுபடி துளுத்துக்கும். அப்பப்போ வர்ற தீயும் அப்படித்தான், புல்லு தாங்கும், சோலைக் கன்னு தாங்காது.

சிலபேரு என்ன சொல்வாங்கன்னா, முன்னாடி முழுக்கச் சோலைக்காடா இருந்துச்சு, மனுசன் வெட்டி எரிச்சு மாடு மேய்ச்சுத்தான் புல்வெளி ஆயிருச்சுன்னு. இது தப்புன்னு நிரூபிச்சாச்சு. நீலகிரியில சதுப்பு நெலங்கள்ல அடி அடியா படிஞ்சு கெடக்கற பழைய மக்கை எடுத்து அதுல இருக்கற மகரந்தத்தையும் கார்பனையும் வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, கடைசி பனியுகம் உச்சத்துல இருந்த 20,000 வருசத்துக்கு முந்தியே அங்க புல்வெளி பரந்து கெடந்திருக்கு. தட்பவெப்பம் மாற மாற சோலை கூடும் கொறையும், புல்லு கூடும் கொறையும். மனுசன் மாடு ஓட்டிட்டு வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி கதை இது.

இதெல்லாம் தெரியாம வெள்ளைக்காரன் வந்து பாத்தான், அவனுக்கும் நம்ம வேன் அண்ணன் ஃபீலிங்தான், இவ்வளவு இடம் வேஸ்ட்டா கெடக்கேன்னு. ஆஸ்திரேலியாவுலருந்து சீகை மரமும் கற்பூர மரமும் 1840-கள்ல வந்து எறங்குச்சு. மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன், நீலகிரியில கற்பூர மரம்னா யூகலிப்டஸ், சீகைன்னா வாட்டில், நம்ம தலைக்குத் தேய்க்கற சீயக்காய் இல்ல. அப்போ ஊட்டி குளிருக்கு விறகு வேணும், அதுக்காகக் கொஞ்சமாத்தான் நட்டாங்க. நெஜமான அடி விழுந்தது சுதந்திரத்துக்கு அப்புறம். தோல் பதனிடறதுக்கு சீகைப் பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் மரம், இப்படி 1980-கள் வரைக்கும் புல்வெளியை உழுது உழுது நட்டுக்கிட்டே இருந்தாங்க. பைன் வேற. வெள்ளைக்காரனைத் திட்டிட்டு நிறுத்திக்கறோம், நம்மாளுங்க நட்டது அதை விட எத்தனையோ மடங்கு ஜாஸ்தின்னு யாரும் சொல்றதில்ல. இதே கதைதான் கொடைக்கானல் பக்கமும், பழனி மலையில நாப்பது வருசத்துல புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிருச்சுன்னு சேட்டிலைட் படம் வச்சே கணக்கு போட்டிருக்காங்க. முக்கூர்த்தி கொஞ்சம் தப்பிச்சதுக்குக் காரணம் தூரமும் காத்தும் மழையும்தான்.

மரம் நட்டா மழை வரும், தண்ணி ஊறும்னு ஸ்கூல்லருந்து சொல்லிக் குடுத்து வளத்தாங்க. இந்த மலையில அது தலைகீழ். கிளென்மார்கன்ல, ஊட்டியில இருக்கற மண்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்பை எடுத்துக்கிட்டு ஒண்ணை புல்லும் சோலையுமா இயற்கையா விட்டுட்டு இன்னொண்ணுல பாதிக்குக் கொஞ்சம் மேல கற்பூர மரம் நட்டு வருசக்கணக்கா தண்ணியை அளந்தாங்க. நட்ட முதல் பத்து வருசத்துலயே தண்ணி வரத்து சுமார் 16 சதவீதம் கொறைஞ்சிருச்சு, வெட்டி மறுபடி துளுத்த ரெண்டாவது சுத்துல இன்னும் மோசம். மரம் வேகமா வளருதுன்னா தண்ணி குடிச்சுத்தானே வளருது!

நமக்கு இதுல என்ன வந்துச்சுங்கறீங்களா? நான் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துக்காரன். பவானி ஆறு பொறக்கறதே அந்த ஓரத்துலதான். மேல் பவானி அணையில கொஞ்சம் நின்னு, கேரளாவுக்குள்ள எறங்கி, அட்டப்பாடி வழியா ஒரு சுத்து சுத்தி மறுபடி தமிழ்நாட்டுக்குள்ள வந்து, பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர், அப்புறம் எங்க வாய்க்கால், கடைசியா கூடுதுறையில காவிரியோட சேருது. கோயமுத்தூருக்கு பில்லூர்த் தண்ணி வருதே அதுவும் இதே மலையோடதுதான். பைக்காரா, குந்தான்னு கரண்ட் எடுக்கறதும் இதே தண்ணியை வச்சுத்தான், முக்கூர்த்தி அணை 1938-லயே கட்டினது. மழை நின்னு மாசக்கணக்கா ஆனப்புறமும் அந்தப் புல்லு சரிவுல அங்கங்க தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும், கால வச்சா ஷூ உள்ள போகும். மார்ச்சுல எங்க வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணி வர்றதும் வராததும் அந்தக் கசிவுலயும் கொஞ்சம் இருக்கு.

இப்ப வரையாடு. பூங்காவே இதுக்காகத்தான் அமைச்சாங்க, முதல்ல பேரே வரையாடு தேசியப் பூங்காதான். உலகத்துல மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும், அதுவும் தமிழ்நாடு கேரளா ரெண்டு மாநிலத்துல மட்டும் இருக்கற மிருகம், நம்ம மாநில விலங்கு. ரொம்ப நாளா இதை இமயமலையில இருக்கற தார் ஆட்டோட சொந்தம்னு நெனைச்சிருந்தாங்க, 2005-ல டிஎன்ஏ பாத்தப்புறம் அதை விட செம்மறியாட்டுக்குத்தான் நெருங்கின சொந்தம்னு தெரிஞ்சு தனிப் பேரினமாவே வச்சுட்டாங்க. 1975-ல ஈ.ஆர்.சி. டேவிதார்ங்கற காட்டுயிர் ஆர்வலர் வரையாட்டைப் பத்தி நடந்த முதல் ஆய்வுகள்ல ஒண்ணைப் பண்ணினாரு, அவர் நினைவா அக்டோபர் 7 தமிழ்நாட்டுல வரையாடு தினம். 2022 கடைசியில 25 கோடி சொச்சத்துல வரையாடு திட்டம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு, அதுக்கப்புறம் வருசா வருசம் கணக்கெடுப்பு நடக்குது. அதுல ஒரு தடவை வாலண்டியரா போக வாய்ப்பு கெடைச்சுச்சு, பூங்காவோட உள்பக்கம் நான் பாத்தது அப்பத்தான். மத்தபடி டூரிஸ்ட்டு தன் இஷ்டத்துக்கு அங்க போக முடியாது.

கணக்கெடுப்புன்னா ட்ரோன் விட்டு படம் எடுக்கறதுன்னு நெனைச்சுட்டுப் போனேன். அதெல்லாம் இல்ல, கால்தான். மலையை பிளாக் பிளாக்கா பிரிச்சு, ஒரு பிளாக்குக்கு ஒரு டீம், காலையிலயும் சாயங்காலமும் அதே பாதையில நடக்கணும், பாத்த ஆட்டை கிடாய் எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனைன்னு எழுதணும், திரும்பத் திரும்ப நடந்து அதுல வர்ற பெரிய எண்ணிக்கையை எடுத்துக்குவாங்க. சில எடத்துல ரெண்டு டீம் ஒருத்தரை ஒருத்தர் கேக்காம தனித்தனியா எண்ணி, ரெண்டு பேரும் பாத்தது எவ்வளவு ஒருத்தர் மட்டும் பாத்தது எவ்வளவுன்னு வச்சு விட்டுப்போனதைக் கணக்கு போடுவாங்க. எங்களோட வந்த வாட்சர் அண்ணன் ரப்பர் செருப்புல வந்தாரு. ஏழாயிரம் ரூபா ஷூ போட்டுட்டு நான் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வர்றேன், அவரு பீடியை பத்த வைக்காமலேயே வாயில வச்சுக்கிட்டு முன்னாடி போறாரு. தீ சீசன், பத்த வைக்கமாட்டேன்னாரு.

காலையில பூரா பனிமூட்டம், பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. ஓரத்துப் பாறைகிட்ட உக்காந்திருந்தோம். காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு, மூட்டம் கிழிஞ்சுது, கீழ ஒரு அம்பது அடியில ஒரு கூட்டம். நான் பாட்டுக்கு கேமராவை எடுக்கப்போக, அண்ணன் கையைப் புடிச்சு "மொதல்ல எண்ணுங்க சார்"னாரு. பெட்டைங்க சாம்பல் கலந்த பழுப்பு, புல்லு காஞ்ச நெறத்துக்கு அப்படியே பொருந்துது, அசைஞ்சாத்தான் கண்ணுக்குத் தெரியுது. ஒரு பெட்டை மட்டும் மேயாம ஒசந்த கல்லுல நின்னு எங்க பக்கம் பாத்துக்கிட்டே இருந்துச்சு, காவல். ஜனவரி பிப்ரவரியில பொறந்த குட்டிங்க, மூணு மாசம் இருக்கும், கால் வைக்கவே எடமில்லாத பாறையில ஒண்ணை ஒண்ணு முட்டித் தள்ளி வெளையாடுது, அதைத் தாண்டி ஆயிரம் அடிக்கு மேல பள்ளம், எனக்குத்தான் வயித்தைக் கலக்குச்சு. கொஞ்சம் தள்ளி தனியா ஒரு வயசான கிடாய், ஒடம்பு நல்ல கரும்பழுப்பு, முதுகுல மட்டும் வெள்ளி நெறத்துல ஒரு பட்டை, கொம்பு பின்னால வளைஞ்சு, நூறு கிலோ இருக்கும். எண்ணி முடிச்சு எழுதறதுக்குள்ள காவல் நின்னது விசில் அடிச்சுச்சு. நெஜமாவே விசில்தான், மூக்கால அடிக்கறது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் நாங்க எட்டிப் பாக்கவே பயப்பட்ட அந்தப் பாறை மேலயே எறங்கி மூட்டத்துக்குள்ள போயிருச்சு. போட்டோ ஒண்ணு கூட இல்ல, அதான் இந்தப் பதிவுல படம் போடல.

அந்த ஆடு பொழைக்கற விதமே இதுதான்: தெறந்த வெளியில மேயும், தூரத்துலயே சிறுத்தை, செந்நாய், புலி எது வந்தாலும் பாத்துரும், பாத்தா செங்குத்துப் பாறைக்கு ஓடிரும். ஆமா புலியும் உண்டு, 2,500 மீட்டர் ஒசரத்துல புல்வெளியில கடமானைத் தேடிக்கிட்டுத் திரியும். இப்ப மேயற எடத்துக்கும் பாறைக்கும் நடுவுல சீகைக் காடு வந்துட்டா? கண்ணும் மறைஞ்சு போச்சு, ஓடற வழியும் போச்சு, அந்த எடத்தை ஆடு விட்டுரும். சீகைக்கு அடியில புல்லு முளைக்கறதும் இல்ல. வேலி போட்டா மாதிரி ஒரு மலைக் கூட்டம் இன்னொரு மலைக் கூட்டத்தோட சேர முடியாம துண்டு துண்டா நின்னுரும். 2024 கணக்குல தமிழ்நாட்டுல 1,031, 2025-ல 1,303. கூடியிருக்குன்னு சந்தோசம்தான், ஆனா பாத்த பிளாக்கோட எண்ணிக்கையும் கூடுச்சு, அதனால எல்லாமே புதுசா பொறந்ததுன்னு எடுத்துக்க முடியாது. மொத்த மாநிலத்துக்கும் இவ்வளவுதான்ங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கங்க, எங்க ஊர் சந்தைக்கு ஒரு வாரத்துக்கு வர்ற ஆடு இதை விட ஜாஸ்தி இருக்கும்.

சோலைக்குள்ளயும் ஒரு எட்டு போனோம். புல்லுல வெயில் மண்டையைப் பொளக்குது, ஒரு அடி உள்ள வச்சா ஃபேன் போட்ட குளிர்ச்சி, ஈரம், மரத்துல கை வச்சா பாசியில வெரல் புதையுது. மரம் எதுவும் ரொம்ப ஒசரம் கிடையாது, முறுக்கிக்கிட்டு குட்டையா நிக்குது. ஓரத்துல காட்டுப் பூவரசு, நம்ம ஊரு பூவரசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ரத்தச் செவப்புல கொத்தா பூக்கும், அன்னைக்கு கீழ உதுந்து கெடந்ததைத்தான் பாத்தேன். கருமந்தி ரெண்டு மரம் தாண்டி உறுமிக்கிட்டே இருந்துச்சு. சிரிப்பான்னு ஒரு குருவி இருக்கு, கூட்டமா கெக்கபிக்கென்னு கத்தும், நீலகிரி மலையை விட்டா ஒலகத்துல வேற எங்கயும் இல்ல. ஒரு கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என் ஷூகிட்ட வந்து நின்னு பாத்துட்டுப் போச்சு, பயமே இல்ல அதுக்கு. அட்டையும் இருந்துச்சு, அதுக்கும் பயமில்ல.

தோடர்களைச் சொல்லாம இந்த மலையைப் பேசறது நியாயமில்ல. அந்தப் புல்வெளியில எருமை மேய்ச்சவங்க அவங்கதான், செத்துப்போன மனுசனோட ஆவியும் எருமையோட ஆவியும் முக்கூர்த்தி சிகரத்துலருந்துதான் மறுவுலகத்துக்குத் தாவும்னு அவங்க நம்பிக்கை. பீப்பாயைப் பாதியா அறுத்து வச்ச வடிவத்துல அவங்க கோயில் இருக்குமே, அதுக்குக் கூரை வேய சதுப்புல மட்டும் வளர்ற ஒரு தனிப் புல்லு வேணும், அது நீலகிரியைத் தவிர வேற எங்கயும் கிடையாது. சீகை வந்து சதுப்பு காஞ்சப்புறம் அந்தப் புல்லுக்காக எங்கெங்கயோ அலையறாங்க. மரம் நட்டதால கோயில் கூரைக்குப் புல்லு இல்லாமப் போச்சு, இதை எந்த மரம் நடு விழாவுல சொல்வாங்க?

அப்ப சீகையை எல்லாம் வெட்டித் தள்ளிட வேண்டியதுதானேன்னு தோணும். ஹைகோர்ட்டும் அந்நிய மரங்களை எடுக்கச் சொல்லியிருக்கு, 2022-ல அதுக்குன்னு மாநில அரசு ஒரு கொள்கையும் போட்டுச்சு. ஆனா அது சொல்ற அளவுக்கு லேசு இல்ல. வெட்டினா அடிமரத்துலருந்து துளுக்கும், எரிச்சா மண்ணுல பல வருசமா கெடந்த வெதை எல்லாம் ஒண்ணா முளைக்கும். கந்து வட்டிக்கு வாங்கின கடன் மாதிரிதான், அடைக்க அடைக்க வளரும். வெட்டின எடத்துக்கு வருசா வருசம் போயி கன்னைப் புடுங்கணும், உள்ளூர் புல்லை நாத்து விட்டு நடணும், அப்பத்தான் புல்வெளி திரும்பும். அதுக்கு டெண்டர்ல பெருசா காசு நிக்காது, மரத்தை வெட்டி லாரியில ஏத்தறதுல நிக்கும், அதான் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல பழைய சீகைக் காட்டுக்குள்ள இப்ப சோலைக் கன்னுங்க முளைச்சு வருது, சீகை நிழல்ல பனி அடிக்காது பாருங்க. அந்த எடத்துல போயி மொத்தமா வெட்டினா நல்லா வந்துக்கிட்டு இருக்கற சோலையும் சேந்து போயிரும். என்னைக் கேட்டா அப்படிப்பட்ட எடத்தை விட்டுறலாம், புல்வெளி ஓரமா புதுசா ஊடுருவற கன்னுங்களை முதல்ல புடுங்கலாம், அது கையால வர்ற பருவத்துலயே. முக்கூர்த்தியில வாட்சர் அண்ணன் நடக்கற பாதையில முட்டி ஒசரச் சீகைக் கன்னு தெரிஞ்சா நின்னு புடுங்கி வேரை வானத்தைப் பாக்கப் போட்டுட்டுத்தான் நடப்பாரு. நானும் புடுங்கினேன், அடுத்த நாள் தோள்பட்டை வலி தாங்கல.

போகணும்னு ஆசை வந்தவங்களுக்கு: பூங்காவுக்குள்ள நம்ம இஷ்டத்துக்குப் போக முடியாது, பைக்கை எடுத்துட்டு "ஆஃப் ரோடு" கெளம்பாதீங்க, கேஸ் போடுவாங்க, போடணும். அவலாஞ்சி வனத்துறை வேன் பொதுவானது, அந்தச் சுத்துலயே புல்வெளி சோலை ரெண்டும் நல்லாத் தெரியும். நடக்கணும்னா 2024 அக்டோபர்ல அரசு ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு சைட்ல கோலரிபெட்டா ரூட் இருக்கு, கைடோட போறது, ஏத்தம் கஷ்டம், முட்டி வலி உள்ளவங்க யோசிச்சுக்கங்க. தீ சீசன்ல பாதையெல்லாம் மூடிருவாங்க, மழைக்காலத்துல அந்த மேற்கு ஓரத்துக்கு ஆசையே படாதீங்க, மழை விட்டு டிசம்பர் ஜனவரின்னா வானம் தெளிவா இருக்கும் ஆனா குளிர் எலும்பைத் தொடும். மஞ்சூர் வழியா மேல் பவானி போறவங்க முன்கூட்டியே அனுமதி கேட்டுட்டுப் போங்க, கோரகுந்தா வரைக்கும் போயி செக்போஸ்ட்ல திரும்பி வந்தவங்க கதை நெறைய இருக்கு. பெட்ரோல் ஊட்டியிலயே ஃபுல்லா போட்டுக்கங்க.